இரவை எண்ணுதல்: அமெரிக்க விமானிச் சான்றிதழில் இரவுப் பறப்பு மணிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பயணிகள் விமான நிறுவனங்களில் விமானியாகப் பணிபுரிய வான்வழிப் போக்குவரத்து விமானிச் சான்றிதழ் இன்றியமையாதது. அதனைப் பெற விழைவோர் 1500 மணி நேரப் பறப்பு அனுபவத்தையும், அதனுள் 100 மணி நேர இரவுப் பறப்பையும் தம் பதிவேட்டில் காட்டுதல் வேண்டும் என்பது பொதுவிதி. இரவு மணி தனியே எண்ணப்படுவதற்கான வரலாற்றுச் சூழலை, 1918இல் தொடங்கிய வான்அஞ்சல் பணியிலிருந்து இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் இரவை எவ்வாறு வரையறுக்கிறது, இரவு மணி உண்மையில் எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது ஆகிய வினாக்களும் ஆராயப்படுகின்றன. இருளில் பறந்த நேரத்தைப் பதிவேடு எண்ணுகிறது. உறக்கமிழந்த இரவை அது எண்ணுவதில்லை என்பது இக்கட்டுரை வந்தடையும் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: இரவுப் பறப்பு, விமானிச் சான்றிதழ், பறப்புப் பதிவேடு, வான்அஞ்சல், வழிகாட்டு விளக்கு, அந்தியொளி, விமானிச் சோர்வு.

முன்னுரை

ஒரு தொழிலில் ஒருவர் பெற்ற தேர்ச்சியை அளப்பதற்குத் தேர்வு, பட்டம், பணியாண்டு எனப் பல அளவுகோல்கள் உள்ளன. விமானியின் தேர்ச்சியோ முதன்மையாக மணிக்கணக்கால் அளக்கப்படுகிறது. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் இருப்பினும், அவற்றை எழுதும் தகுதியையே பறப்பு மணிகள்தாம் வழங்குகின்றன. அம்மணிகளும் ஒருதன்மையன அல்ல. தொலைவுப் பயண மணி, கருவிவழிப் பறப்பு மணி, பொறுப்பு விமானியாகப் பறந்த மணி என அவை வகைப்படுத்தப்படுகின்றன. அவற்றுள் இரவு மணி ஒன்றே இயற்கையின் பொழுதை அடிப்படையாகக் கொண்டது.

பொழுதைப் பகுத்தறிதல் தமிழ் ஆய்வுலகிற்குப் புதிதன்று. மாலை, யாமம், வைகறை என இருட்பொழுதையே பலவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய திணையையும் சுட்டியது தொல்காப்பியம். பறப்புச் சட்டமும் இரவை ஒன்றாகக் கொள்ளாமல் பலவாகப் பிரிக்கிறது. ஆனால் அப்பிரிவுகள் அச்சம், விபத்து, கூலி, ஊழியச் சோர்வு ஆகியவற்றின் வரலாற்றிலிருந்து பிறந்தவை. அவ்வரலாற்றைக் காலவரிசையில் தொகுத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அஞ்சலும் இருளும்

அமெரிக்காவில் ஒழுங்கமைந்த இரவுப் பறப்பு பயணிகளுக்காகத் தோன்றியதன்று, கடிதங்களுக்காகத் தோன்றியது. 1918 மே 15 அன்று வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய நகரங்களுக்கிடையே வான்அஞ்சல் தொடங்கியது. முதலில் இராணுவ விமானிகள் இப்பணியைச் செய்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அஞ்சல்துறை தன் சொந்த விமானிகளைக் கொண்டு பணியை ஏற்றுக்கொண்டது. 1920 செப்டம்பரில் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோ வரை நாட்டின் குறுக்கே வான்அஞ்சல் வழி நீட்டிக்கப்பட்டது.

இவ்வழியில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. பகலில் விமானம் சுமந்த அஞ்சற்பைகள் பொழுது சாய்ந்ததும் இரயிலுக்கு மாற்றப்பட்டன. மறுநாள் விடிந்தபின் மீண்டும் விமானத்தில் ஏற்றப்பட்டன. இரவு முழுதும் இரயில் ஓடிக்கொண்டிருக்க, விமானம் கொட்டகையில் நின்றது. விமானத்தின் விரைவினால் கிடைத்த ஆதாயத்தின் பெரும்பகுதியை இரவு விழுங்கிவிட்டது. இரவைக் கடந்தாலன்றி வான்அஞ்சலுக்குப் பொருளாதார நியாயம் இல்லை என்னும் நிலை உருவாயிற்று.

இந்நிலையிலேயே 1921 பிப்ரவரி 22 அன்று இரவும் பகலும் இடைவிடாது அஞ்சலைக் கொண்டு செல்லும் சோதனை நடத்தப்பட்டது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் இரண்டிரண்டு விமானங்கள் புறப்பட்டன. மேற்கிலிருந்து வந்த விமானங்களுள் ஒன்று நெவாடா மாநிலத்தின் எல்கோவில் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். கிழக்கிலிருந்து வந்தவை வானிலைக் கேட்டினால் பயணத்தை முடிக்க இயலவில்லை. எஞ்சிய ஒரே அஞ்சற்சுமையை நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் நகரில் ஜாக் நைட் என்னும் விமானி இரவில் ஏற்றுக்கொண்டார். ஒமாகாவில் அவருக்கு மாற்றாக வரவேண்டிய விமானி வந்து சேரவில்லை. தாம் ஒருமுறையும் பறந்திராத ஒமாகா–சிகாகோ வழியில் நைட் தொடர்ந்து பறந்தார். வழியிலிருந்த ஊர்களில் அஞ்சல் ஊழியரும் மக்களும் மூட்டிய தீயே அவருக்கு வழிகாட்டியாயிற்று. காலையில் அவர் சிகாகோவை அடைந்தார். பிற விமானிகள் சுமையை நியூயார்க்கிற்குக் கொண்டு சேர்த்தனர். மொத்தப் பயணம் 33 மணி 20 நிமிடத்தில் முடிந்தது. இது அதற்கு முன் ஆன நேரத்தில் பாதிக்கும் குறைவாகும்.

செய்தித்தாள்கள் நைட்டை வீரராகப் போற்றின. நாடாளுமன்றமும் வான்அஞ்சலுக்கு நிதி ஒதுக்கியது. எனினும் ஆய்வு நோக்கில் இந்நிகழ்வு உணர்த்துவது வேறொன்று. அன்றிரவு வெற்றி பெற்றது ஒருவரின் துணிவு மட்டுமே. முறையான பயிற்சியோ, வழியோ, விளக்கோ அங்கு இல்லை. நால்வருள் ஒருவர் வெல்வதும் ஒருவர் மாள்வதும் ஒரு போக்குவரத்து முறையாகாது. இரவுப் பறப்பைத் தனிமனிதத் துணிவிலிருந்து பிரித்து, கற்பிக்கவும் அளக்கவும் கூடிய ஒன்றாக மாற்றவேண்டிய தேவையை இச்சோதனையே வெளிப்படுத்தியது.

ஒளிபெற்ற வான்வழி

முதல் தீர்வு நிலத்தில் தேடப்பட்டது. 1923இல் இராணுவ விமானப் பிரிவு ஒகாயோ மாநிலத்தின் டேட்டன், கொலம்பஸ் நகரங்களுக்கிடையே சுழல்விளக்குகளைக் கொண்டு சோதனை செய்தது. அவ்வாண்டே அஞ்சல்துறை சிகாகோவிற்கும் செயெனுக்கும் இடைப்பட்ட சமவெளியில் விளக்குகளை நிறுவிச் சோதித்தது. நாட்டின் நடுப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எந்தக் கடற்கரையிலிருந்து காலையில் புறப்பட்டாலும் விமானம் இருட்டும் வேளையில் இப்பகுதியை அடைந்துவிடும். நிலம் சமதளமாக இருந்தமையால் விளக்குகள் நெடுந்தொலைவிலிருந்தே தென்பட்டன. 1924 சூலை 1 அன்று இவ்வழியில் ஒழுங்கான இரவுப் பணி தொடங்கியது.

1927இல் வான்வழிகளின் பொறுப்பு அஞ்சல்துறையிடமிருந்து வணிகத்துறைக்கு மாறியது. ஏறத்தாழப் பத்து மைலுக்கு ஒன்றாக எஃகுக் கோபுரங்கள் எழுந்தன. கோபுர உச்சியில் சுழல்விளக்கும், அதன்கீழ் வழித்திசையைக் காட்டும் விளக்குகளும் பொருத்தப்பட்டன. திசைவிளக்குகள் மோர்சு குறியீட்டில் ஓர் எழுத்தை மின்னிக் காட்டும். அவ்வெழுத்தைக் கொண்டு நூறு மைல் பகுதிக்குள் தான் எத்தனையாவது கோபுரத்தின் அருகில் உள்ளோம் என்பதை விமானி அறிந்துகொள்வார். பல இடங்களில் கோபுரத்தின் அடியில், பகலில் காணத்தக்க வகையில், அடுத்த கோபுரத்தைச் சுட்டும் பெரிய கான்கிரீட் அம்புக்குறிகளும் அமைக்கப்பட்டன. அவற்றுள் சில இன்றும் மேற்கு மாநிலங்களின் பாலை நிலங்களில் எஞ்சியுள்ளன. 1933 அளவில் 18,000 மைல் நீள வான்வழியும் 1500 விளக்குகளும் இருந்தன.

விளக்குகள் இரவைக் குறைத்தனவே அன்றி நீக்கவில்லை. மூடுபனியில் எவ்வளவு ஆற்றல்மிக்க விளக்கும் மறைந்துவிடும். செயிண்ட் லூயிஸ்–சிகாகோ அஞ்சல்வழியில் பணிபுரிந்த சார்லஸ் லிண்ட்பர்க் 1926 செப்டம்பரிலும் நவம்பரிலும் இருமுறை, இரவில் தரையிறங்க இடம் காணாமல், எரிபொருள் தீர்ந்த நிலையில் வான்குடையைப் பயன்படுத்திக் குதித்து உயிர்தப்பினார். அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்து உலகப்புகழ் பெறுவதற்கு ஓராண்டிற்குள் நிகழ்ந்தவை இவை. அனுபவமிக்க ஒருவருக்கே இது நேர்ந்தமை, விளக்கை மட்டும் நம்பிய இரவுப் பறப்பின் எல்லையைக் காட்டுகிறது.

இரண்டாவது தீர்வு விமானத்தின் உள்ளே தேடப்பட்டது. 1929 செப்டம்பர் 24 அன்று லாங் தீவிலுள்ள மிட்செல் களத்தில் ஜேம்ஸ் டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதவாறு மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கருவிகளையும் வானொலிக் குறிப்பையும் மட்டும் கொண்டு எழுந்து, பறந்து, தரையிறங்கினார். இதன்பின் இரவு என்பது கண்ணின் சிக்கலாக மட்டும் இல்லாமல், கருவியை நம்பக் கற்கும் மனத்தின் சிக்கலாகவும் மாறியது. சான்றிதழ் விதிகளில் இரவு மணியும் கருவிவழி மணியும் இன்றும் தனித்தனியே எண்ணப்படுவதை இப்பின்னணியில் வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

உரிமமும் பதிவேடும்

1926 மே 20 அன்று கையெழுத்தான வான்வழி வணிகச் சட்டம் விமானிகளுக்குக் கூட்டாட்சி அரசின் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அதற்குமுன் யார் வேண்டுமானாலும் விமானம் ஓட்டலாம், யாரை வேண்டுமானாலும் ஏற்றிச் செல்லலாம் என்னும் நிலையே பெரும்பாலும் நிலவியது. வணிகத்துறையின் வானூர்திப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வில்லியம் மெக்ராக்கன் 1927 ஏப்ரலில் முதல் உரிமத்தைப் பெற்றார். அம்முதல் எண்ணை ஆர்வில் ரைட்டுக்கு வழங்க அவர் முன்வந்தபோது ரைட் அதனை ஏற்கவில்லை.

உரிமம் அரசின் ஆவணம். பதிவேடு விமானியின் ஆவணம். முன்னதைப் பெறுவதற்குப் பின்னதே சான்று. நாள், விமானத்தின் வகையும் அடையாளமும், புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும், பறந்த நேரம், பகலா இரவா, கருவிகளை மட்டும் நம்பிப் பறந்த நேரம் எவ்வளவு என்பன அதன் கூறுகள். இவற்றை எழுதுபவர் விமானியே. ஆவணவியல் நோக்கில் இது குறிப்பிடத்தக்கது. ஒருவர் தம்மைப்பற்றித் தாமே எழுதும் குறிப்பு, அரசு ஏற்கும் தகுதிச் சான்றாகிறது. பொய்ப்பதிவு உரிமத்தை இடைநிறுத்தவோ முற்றிலும் பறிக்கவோ போதிய காரணம் என விதி கூறுகிறது. பறக்காத மணியை எழுதிச் சேர்ப்பதைப் ‘பார்க்கர் பேனா நேரம்’ என விமானிகள் எள்ளிநகையாடுவதும் உண்டு. வழக்குமொழியில் இதற்கென ஒரு தொடர் நிலைபெற்றிருப்பதே, பதிவேட்டின் மதிப்பும் அதன் நொய்ம்மையும் ஒருங்கே உணரப்பட்டிருந்தமைக்குச் சான்றாகும்.

இரவு மணி கூலியோடும் இணைந்தது. 1934இல் தேசியத் தொழிலாளர் வாரியம் வழங்கிய 83ஆம் தீர்ப்பு, விமான நிறுவன விமானிகளின் மாதப் பறப்பை 85 மணிக்குள் வரையறுத்ததோடு, பகல் மணிக்கு ஒரு வீதமும் இரவு மணிக்கு அதனினும் உயர்ந்த வீதமும் வகுத்தது. இரவு மணி தகுதியின் அலகாகவும் இடரின் விலையாகவும் ஒருங்கே விளங்கியது இதனால் புலனாகிறது.

1934: பதிவேடு சாட்சியாதல்

இரவு மணியின் பொருளை நாடறியச் செய்த நிகழ்வும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. அஞ்சல் ஒப்பந்தங்கள் முறைகேடாக வழங்கப்பட்டன என்னும் குற்றச்சாட்டின் அடிப்படையில் 1934 பிப்ரவரி 9 அன்று குடியரசுத்தலைவர் ரூஸ்வெல்ட் தனியார் நிறுவனங்களின் வான்அஞ்சல் ஒப்பந்தங்களை நீக்கினார். அப்பணியை இராணுவ விமானப் படை ஏற்கும் என அதன் தலைவர் பெஞ்சமின் ஃபுலோய் உறுதியளித்தார். சில நாள்களே இடைவெளி இருந்தது. கடுங்குளிர்காலம் வேறு.

பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 262 விமானிகளுள் 50 மணியோ அதற்கு மேலோ இரவில் பறந்தவர்கள் 31 பேர் மட்டுமே. 50 மணி நேரக் கருவிவழிப் பறப்பு அனுபவம் பெற்றவர்கள் இருவர் மட்டுமே. அவர்கள் துணிவற்றவர்களோ திறனற்றவர்களோ அல்லர். பகலொளியில், தெளிந்த வானில், அணிவகுத்துப் பறக்கப் பயின்றவர்கள். தனியார் நிறுவன விமானிகள் ஆண்டுக்கணக்கில் ஒரே வழியில் இரவுதோறும் பறந்து பெற்ற பழக்கம் அவர்களிடம் இல்லை. பணி தொடங்குமுன்னரே பயிற்சிப் பறப்பில் மூவர் மாண்டனர். அவ்வாண்டு ஜூன் தொடக்கத்திற்குள் இராணுவம் இப்பணியிலிருந்து விலகியபோது உயிரிழந்தோர் எண்ணிக்கை பத்தைக் கடந்திருந்தது.

இப்பேரிழப்பிற்குப் பனிப்புயல், பொருந்தாத விமானங்கள், குறைவான கருவிகள், அரசியல் அவசரம் எனப் பல காரணங்கள் உள்ளன. ஆயினும் பதிவேடுகளில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த எண்களை எவரேனும் முன்கூட்டியே எடைபோட்டிருந்தால், இவ்விளைவை எதிர்பார்த்திருக்கலாம். மொத்த மணி போதாது, எந்த மணி என்பதே வினா என்னும் உண்மையை 1934 உயிர்களை விலையாகப் பெற்று நிறுவியது. பொதுவான பறப்பு அனுபவத்திலிருந்து இரவு அனுபவத்தைப் பிரித்து எண்ணுவதற்கான வரலாற்று நியாயம் இந்நிகழ்வில் தெளிவாகக் காணக்கிடக்கிறது.

இரவு எப்போது தொடங்குகிறது?

எண்ணவேண்டுமெனில் எல்லை வேண்டும். இன்றைய அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் இரவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எல்லைகள் உள்ளன.

முதலாவது, ஞாயிறு மறைவது முதல் எழுவது வரையிலான காலம். இக்காலத்தில் விமானத்தின் நிலைகாட்டு விளக்குகள் எரிதல் வேண்டும். இரண்டாவது, மாலை அந்தியொளி முடிவது முதல் காலை அந்தியொளி தொடங்குவது வரையிலான காலம். ஞாயிற்றின் மையம் அடிவானத்திற்கு ஆறு பாகை கீழே இறங்கும் கணமே இங்கு எல்லை. விதிகளின் பொது வரையறைப்படி ‘இரவு’ என்பது இதுவே. பதிவேட்டில் இரவு மணி எனக் கொள்ளப்படுவதும் இதுவே. மூன்றாவது, ஞாயிறு மறைந்து ஒரு மணி கழிந்தது முதல் ஞாயிறு எழுவதற்கு ஒரு மணி முன்புவரையிலான காலம். இரவில் பயணிகளை ஏற்றிச்செல்ல விரும்பும் பொறுப்பு விமானி, முந்தைய 90 நாள்களுக்குள் இக்காலத்தில் மூன்று முறை எழுந்து, முழுமையாக நின்று தரையிறங்கியிருத்தல் வேண்டும்.

இதனால் ஒரு விந்தையான இடைவெளி உண்டாகிறது. ஞாயிறு மறைந்து பத்து நிமிடத்தில் பறக்கும் விமானி விளக்கை எரியவிட வேண்டும். ஆனால் அம்மணி இரவு மணியன்று. நாற்பது நிமிடம் கழிந்து, அந்தியொளி மறைந்தபின் பறந்தால், அது இரவு மணியாகப் பதிவு பெறும். ஆனால் அப்போது செய்யும் தரையிறக்கம் பயணிகளை ஏற்றும் தகுதிக்குரிய கணக்கில் சேராது. ஒரு மணி கடந்தபின்னரே இரவு எல்லா வகையிலும் இரவாகிறது.

இவ்வெல்லைகள் ஒன்றோடொன்று முரண்படுவன போல் தோன்றினும், ஒவ்வொன்றும் ஒரு வெவ்வேறு வினாவிற்கு விடையளிக்கிறது. பிறர் நம்மைக் காண்பார்களா என்பது முதல் வினா. நாம் நிலத்தைக் காண்கிறோமா என்பது இரண்டாவது. முழு இருளில் தரையிறங்கும் பழக்கம் அண்மையில் உண்டா என்பது மூன்றாவது. காலத்தின் கூறுகளாகத் தோன்றும் இவை, உண்மையில் பார்வையின் கூறுகளே.

நிலவியலும் இதில் குறுக்கிடுகிறது. நிலநடுக்கோட்டை அண்டிய பகுதிகளில் அந்தியொளி விரைவில் மறையும். அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரிலோ மே மாதத்தின் பிற்பகுதி முதல் சூலை மாதத்தின் பிற்பகுதி வரை அந்தியொளி இரவு முழுதும் நீடிக்கும். அங்கே அந்நாள்களில் சட்டப்படி இரவே இல்லை. ஆகவே அலாஸ்காவில் தங்கிப் பயில்வோர்க்கு, இரவில் பறத்தல் கூடாது என்னும் கட்டுப்பாட்டுடன் தனியார் விமானிச் சான்றிதழை முதலில் வழங்கி, இரவுப் பயிற்சியைப் பின்னர் முடிக்க விதி இடமளிக்கிறது.

நூறு மணியின் கணக்கு

சான்றிதழ் நிலைகள்தோறும் இரவின் அளவு வளர்கிறது. தனியார் விமானிச் சான்றிதழுக்கு மூன்று மணி நேர இரவுப் பயிற்சியும், அதனுள் பத்து முறை எழுதலும் இறங்குதலும், 100 கடல்மைலுக்கு மேற்பட்ட ஓர் இரவுப் பயணமும் வேண்டும். வணிக விமானிச் சான்றிதழுக்கு, கட்டுப்பாட்டுக் கோபுரம் இயங்கும் நிலையத்தில் பத்து எழுதல்களும் இறங்குதல்களும் அடங்கிய ஐந்து மணி நேர இரவுப் பறப்பு தேவை. அடுத்த நிலையில் இவ்வெண் 100ஆகத் தாவுகிறது. அந்நூறனுள் அல்லது அதற்கு இணையாக, பொறுப்பு விமானியாக ஆற்றிய 250 மணியில் 25 மணியேனும் இரவாக இருத்தல் வேண்டும். பன்னாட்டு அளவிலும் சிகாகோ உடன்படிக்கையின் முதல் பின்னிணைப்பு இதே சான்றிதழுக்கு 100 மணி இரவுப் பறப்பை வேண்டுகிறது.

இடைப்பட்ட தொண்ணூற்றுச் சொச்ச மணிகளை இளம் விமானிகள் எங்ஙனம் ஈட்டுகின்றனர் என்பது சமூக வரலாற்றுக்குரிய வினா. பயிற்றுநராகப் பணிபுரிவோர் பெரும்பாலும் பகலிலேயே கற்பிக்கின்றனர். எனவே மொத்த மணி 1500ஐ நெருங்கியும் இரவு மணி குறைவாக நிற்பது உண்டு. அப்போது சிறு விமானத்தை வாடகைக்கு எடுத்து, இருள் சூழ்ந்தபின் பறந்து கணக்கை நிரப்ப நேர்கிறது. அம்மணிக்கான செலவு அவரையே சாரும்.

விதி இதற்கு ஒரு சலுகை அளிக்கிறது. 20 முறை இரவில் எழுந்து முழுமையாக நின்று இறங்கியவர், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு இரவு எழுதல்–இறங்குதலையும் ஒரு மணி நேர இரவுப் பறப்பாகக் கொள்ளலாம். இவ்வாறு ஈடுசெய்யத்தக்கது அதிக அளவாக 25 மணி. எனவே 75 மணி நேர இரவுப் பறப்பும் 45 இறக்கங்களும் கொண்ட ஒருவர் நூறு மணி என்னும் தேவையை நிறைவு செய்கிறார்.

இச்சலுகை பரிவினால் மட்டும் எழுந்ததெனக் கொள்ள இயலாது. இரவுப் பறப்பின் சாரம் எங்குள்ளது என்பது பற்றிய ஒரு கருத்து இதனுள் பொதிந்துள்ளது. மேலே அமைதியாகக் கழியும் ஒரு மணியைவிட, இருளிலிருந்து ஓடுபாதை விளக்குகளுக்கு இறங்கும் சில நிமிடங்கள் கல்வி நிறைந்தவை என விதியே ஒப்புக்கொள்கிறது. அங்ஙனம் ஒப்புக்கொண்டும் மணியைக் கைவிடவில்லை. கால்பகுதியை மட்டும் இறக்கத்திற்கு ஈந்து, முக்கால்பகுதியை மணிக்கே வைத்துக்கொள்கிறது. எண்ணுவதற்கு எளிதானதும் கற்பதற்கு உகந்ததும் ஒன்றல்ல என்னும் சிக்கலுக்கு விதி கண்ட சமரசமே இது.

மணிக்கணக்கின் எல்லைகள்

மணிக்கணக்கு நடுநிலையானது என்பது அதன் முதன்மையான சிறப்பு. எண்ணுக்கு நிறமில்லை, குலமில்லை. ஆயினும் எண்ணைப் படிப்பவர்க்கு அவை உண்டு. வான்படையில் பணியாற்றிய மார்லன் கிரீன் என்னும் கறுப்பின விமானி 1957இல் கான்டினென்டல் நிறுவனத்திற்கு விண்ணப்பித்தபோது, அவரைவிடக் குறைந்த மணிகளைக் கொண்ட வெள்ளையர்கள் தேர்வு பெற்றனர், அவர் மறுக்கப்பட்டார். 1963இல் உச்சநீதிமன்றம் வரை சென்று அவர் வென்றார். 1965இல்தான் அந்நிறுவனத்தில் விமானியாகப் பணியேற்றார். மணிக்கணக்கு தானாக நீதி வழங்காது என்பதற்கு இவ்வழக்கு சான்று. அதே வேளையில், பாகுபாட்டை மெய்ப்பிக்கக் கிடைத்த உறுதியான சான்றுகளுள் ஒன்றும் அம்மணிக்கணக்கே என்பதையும் மறுக்கவியலாது.

இரண்டாவது எல்லை பார்வை சார்ந்தது. 1960களில் போயிங் நிறுவனத்தின் கான்ராட் கிராஃப்ட், இரவில் ஒளியற்ற நிலத்தையோ நீரையோ கடந்து ஒளிமிக்க நகரை நோக்கி இறங்கும் விமானிகளைப் பாவனைக் கருவியில் ஆராய்ந்தார். அனுபவமிக்க விமானிகளும் தாம் இருக்கும் உயரத்தை மிகுத்து மதிப்பிட்டு, அளவுக்கு மீறித் தாழ இறங்கினர். இப்பிழை பயிற்சியின்மையால் அன்று, கண்ணின் இயல்பால் விளைவது. ஆகவே எத்தனை மணி எண்ணினாலும் அது தானே நீங்காது. கண்ணை நம்பாதே, உயரமானியை நம்பு என்னும் அறிவே அதனை நீக்கும். இரவு மணி பழக்கத்தைத் தரும். பழக்கமோ சில இடங்களில் பொய்யான உறுதியையும் தரக்கூடும்.

மூன்றாவது எல்லை 2009 பிப்ரவரி 12 அன்று வெளிப்பட்டது. அன்றிரவு பஃபலோ நகரை நெருங்கிய கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் வீழ்ந்து, தரையில் இருந்த ஒருவர் உட்பட 50 பேர் மாண்டனர். விமானம் வேகமிழக்கும் எச்சரிக்கைக்குத் தலைமை விமானி தவறான வகையில் எதிர்வினை ஆற்றியதை விசாரணை சுட்டியது. இதன் விளைவாக 2010இல் இயற்றப்பட்ட சட்டம், துணை விமானிகளும் வான்வழிப் போக்குவரத்து விமானிச் சான்றிதழைப் பெற்றிருத்தல் வேண்டும் என விதித்தது. 2013இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அவ்விமானத்தின் இருவருமே 1500 மணியைக் கடந்தவர்கள். தலைமை விமானி 3000 மணிக்கு மேலும், துணை விமானி 2000 மணிக்கு மேலும் பறந்தவர்கள். மணிக்குறைவால் நேராத விபத்துக்கு மணியுயர்வே மருந்தாயிற்று என்னும் விமர்சனம் இன்றும் தொடர்கிறது.

இச்சீர்திருத்தத்திற்குள் மற்றொரு செய்தியும் உள்ளது. இராணுவப் பயிற்சி பெற்றோர்க்கு 750 மணியிலும், விமானவியல் பட்டம் பெற்றோர்க்கு 1000 மணியிலும் கட்டுப்பாட்டுக்குட்பட்ட சான்றிதழ் வழங்க இடமளிக்கப்பட்டது. மொத்த மணி பாதியாகலாம். தொலைவுப் பயண மணி 500லிருந்து 200ஆகக் குறையலாம். இரவின் நூறு மட்டும் குறைக்கப்படவில்லை. கல்வியாலும் ஒழுங்காலும் ஈடுசெய்ய இயலாதது என விதி கருதும் அனுபவங்களுள் இரவும் ஒன்று.

பதிவேட்டில் இல்லாத இரவு

பஃபலோ விபத்தின் விசாரணை சோர்வையும் பேசியது. துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மேற்குக் கரையிலிருந்து, பிற விமானங்களில் பயணியாக அமர்ந்து, பணியிடத்திற்கு வந்துசேர்ந்தவர். அவ்விரவு அவருடைய பதிவேட்டில் இடம்பெறாது. அவர் ஓட்டவில்லை, ஆகவே எண்ணப்படவில்லை. அவரது உடலோ அதனை எண்ணியது.

இதனைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டு 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்த பணிநேர விதிகள் இரவுக்கு நான்காவது எல்லையை வகுத்தன. பின்னிரவு 2 மணி முதல் 5.59 வரை உடலின் விழிப்பு மிகத் தாழும் காலமென அவை கொள்கின்றன. இங்கு ஞாயிறும் அடிவானமும் அளவுகோல் அல்ல. மனித உடலின் ஒழுங்கே அளவுகோல். விமானி எதைக் காண்கிறார் என்னும் வினாவோடு, காணும் நிலையில் அவர் இருக்கிறாரா என்னும் வினாவும் சட்டத்திற்குள் நுழைந்தது.

எனினும் இவ்விதிகள் பயணிகள் விமானப் பணிக்கே கட்டாயமாக்கப்பட்டன. சரக்கு விமானப் பணி செலவைக் காரணம் காட்டி விலக்கப்பட்டது. இரவில் மிகுதியாகப் பறப்பவை சரக்கு விமானங்களே. மாலையில் பெற்ற பொதியை மறுநாட் காலையில் சேர்ப்பதே அவற்றின் தொழில். 1921இல் இரவை விமானத்திற்குத் திறந்துவிட்டது அஞ்சற்பை. அவ்வஞ்சற்பையின் வழித்தோன்றலான பொதியைச் சுமப்போரின் இரவு மட்டும் இவ்வெல்லைக்கு வெளியே நிற்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. அமெரிக்காவில் இரவுப் பறப்பு அஞ்சலின் பொருளாதாரத் தேவையால் பிறந்தது. துணிவுச்செயலாகத் தொடங்கிய அது, விளக்கு, கருவி, உரிமம் ஆகியவற்றின் துணையால் அளக்கத்தக்க திறனாக மாறியது.

2. 1934இல் இராணுவம் ஏற்ற அஞ்சற்பணியின் இழப்புகள், மொத்த அனுபவமும் இரவு அனுபவமும் வேறு என்பதைப் பதிவேட்டின் எண்களால் மெய்ப்பித்தன.

3. சட்டம் இரவைப் பல எல்லைகளால் வரையறுக்கிறது. அவை காணப்படுதல், காணுதல், பழகுதல், விழித்திருத்தல் என்னும் நான்கு வெவ்வேறு தேவைகளிலிருந்து தோன்றியவை.

4. இறக்கத்தை மணிக்கு ஈடாகக் கொள்ளும் விதி, கால அளவு மட்டுமே தேர்ச்சியன்று என்பதைச் சட்டமே ஏற்றுள்ளமைக்குச் சான்று.

5. பதிவேடு விமானி இருளில் பறந்த நேரத்தைக் காட்டும். அவர் உறங்காத நேரத்தைக் காட்டாது. சரக்கு விமானிகளைப் பொறுத்தவரை பணிநேர விதிகளும் இக்குறையை நீக்கவில்லை.

நூறு மணி என்னும் எண்ணை வெறும் நிருவாகத் தடையாகக் காண்போர் உளர். பாதுகாப்பின் முழு உறுதியாகக் காண்போரும் உளர். வரலாறு இவ்விரண்டையும் ஏற்கவில்லை. அவ்வெண், இரவில் மாண்டோரிடமிருந்து கற்றதன் ஒரு பகுதியைச் சுமந்து நிற்கிறது. அவர்களிடமிருந்து கற்கவேண்டிய எஞ்சிய பகுதிக்கு, பதிவேட்டில் இன்னும் ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை.